வெட்ட வெட்ட வளரும் தழும்பு



கடற்கரையூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய நான்கு பக்கக் கடிதம் நமக்கு வந்துள்ளது. பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். செய்தி இதுதான். மூத்த மகளின் நிக்காஹ் வேளையில், 19 வயது இளைய மகள் ஆசைப்பட்டுக் காதின் மேல் விளிம்பில் இன்னொரு துளை இட்டுக்கொண்டாள். நான்கு மாதத்தில் அத்துளையின் பின்புறம் மிளகளவில் ஒரு தடிப்பு தோன்றியது. ஓராண்டில் அது நெல்லிக்காய் அளவாயிற்று. உள்ளூரிலேயே அறுவைச் சிகிச்சை செய்து அகற்றினர். தையல் பிரித்த நாளில் காது பழைய காதாகவே இருந்ததாம். ஆறு மாதம் கழிந்தது. அதே இடத்தில், முன்னைவிடப் பெரிதாக, இரவெல்லாம் அரிக்கும் ஒரு கட்டி எழுந்துவிட்டது. இப்போது அம்மகளுக்கும் வரன் பேசி முடித்திருக்கிறார்கள். “மூன்று மாதத்தில் நிக்காஹ். அதற்குள் இன்னொரு முறை வெட்டி எடுத்துவிடலாமா? இது புற்றுநோய் என்று சிலர் சொல்கிறார்களே, உண்மையா?” என்று கேட்கிறார் அந்தத் தாய்.

இரண்டாவது வினாவுக்கு முதலில் விடை கூறிவிடுவோம். இது புற்றுநோய் அன்று. இரத்தத்திலோ நிணநீரிலோ கலந்து உடலின் வேறு உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் அன்று. இதற்கு மருத்துவ நூல்கள் இட்ட பெயர் ‘கீலாய்டு’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரின் செயின்ட் லூயி மருத்துவமனையில் தோல் நோய்களை ஆராய்ந்த அலிபெர் என்ற மருத்துவர், தழும்பிலிருந்து பக்கவாட்டில் நீண்டு செல்லும் கிளைகளைக் கண்டு, நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை அமைத்தார். நெஞ்சின் நடுவே வளர்ந்த கீலாய்டைப் பார்த்தவர்கள் இப்பெயரின் பொருத்தத்தை உடனே உணர்வர்.

முதல் வினாவுக்கு ஒரே சொல்லில் விடை வேண்டுமாயின், ‘வேண்டாம்’ என்போம். ஏன் வேண்டாம் என்பதையும், வெட்டாமல் என்ன செய்வது என்பதையும் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதே துன்பத்தைச் சுமந்துகொண்டு, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் நெஞ்சில் தழும்பு தடித்தவர்களும், சிசேரியனுக்குப் பின் அடிவயிற்றில் தடித்தவர்களும் பலர் இருக்கிறார்கள்.

காயம் ஆறும் முறையை முதலில் காண்போம். தோலில் வெட்டுக் காயம் ஏற்பட்டவுடன் இரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. பின்னர் அழற்சி தோன்றுகிறது. அதன் பிறகு ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் நார் நெய்யும் அணுக்கள் வந்து குவிந்து, கொலாஜன் என்ற புரத நாரை உற்பத்தி செய்து இடைவெளியை நிரப்புகின்றன. நிரப்பி முடிந்ததும் அவ்வணுக்கள் வேலையை நிறுத்திக்கொள்ள வேண்டும். மிகையான நாரை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துத் தழும்பை மென்மையாக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அவ்வாறே நிகழ்கிறது. சிலருடைய தோலில் மட்டும் ‘நிறுத்து’ என்ற கட்டளை அவ்வணுக்களின் காதில் ஏறுவதில்லை. சுவர் எழுப்ப வந்த கொத்தனார்கள் சுவர் முடிந்த பின்னும் செங்கல்லை அடுக்கிக்கொண்டே போவது போல, தோலின் ஆழ்ந்த அடுக்கில் அழற்சி அணையாமல் கனன்றுகொண்டிருக்க, நார் மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்வது அவசியம். அறுவைக்குப் பின் தடிக்கும் தழும்பெல்லாம் கீலாய்டு அன்று. வெட்டிய கோட்டின் எல்லைக்குள்ளேயே நின்று, சில வாரங்களில் சிவந்து தடித்து, சில மாதம் வளர்ந்து, பிறகு ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தானே தணிந்துவிடும் தழும்பும் உண்டு. அதை மிகைத் தழும்பு எனலாம். கீலாய்டோ எல்லை தாண்டும். காயம் ஆறி மூன்று மாதம், ஆறு மாதம், சில வேளை ஓராண்டுக்கும் அப்பால் தொடங்கும். தொடங்கிய பின் தானே தணிவது அரிது. அரிப்பு, குத்தல், ஆடை உரசினால் வலி ஆகியவை உடன் வரும். தையல் பிரித்த இரண்டாம் மாதத்தில் தழும்பு சிவந்திருக்கிறது என்று அஞ்சி ஓட வேண்டியதில்லை. ஆனால் ஆறாம் மாதத்தில் அது கோட்டை விட்டுப் பக்கத்துத் தோலுக்குள் இறங்குகிறது என்றால் காலம் தாழ்த்தலாகாது.

இனி, வெட்டுவதால் என்ன ஆகிறது? வெட்டுபவர் கட்டியை முழுமையாகவே எடுத்துவிடுகிறார். அவர் கையில் குறை இல்லை. ஆனால் எடுத்த இடத்தில் முன்னைக் காயத்தைவிடப் பெரிய புதுக் காயம் ஒன்று உண்டாகிறது. தோலும் அதே தோல். நெய்யும் அணுக்களும் அதே அணுக்கள். ஊசி முனையளவு துளைக்கே நெல்லிக்காய் அளவு நாரைக் குவித்த உடல், இரண்டு விரற்கடை நீள வெட்டுக்கு எவ்வளவு குவிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வேறு எந்தத் துணைச் சிகிச்சையும் இன்றிக் கத்தியை மட்டும் பயன்படுத்தினால், 100 பேரில் 45 பேர் முதல் ஏறத்தாழ எல்லோருக்குமே கீலாய்டு திரும்பி வருவதாக ஆய்வுகள் கூறுகின்றன. இத்தனைக்குப் பின்னும் வெறும் வெட்டு ஏன் தொடர்கிறது? நோயாளிக்கு ஒரே நாளில் கட்டி மறைய வேண்டும் என்ற அவசரம். சிகிச்சை அளிப்போர் சிலருக்கு, தையல் பிரித்ததோடு கடமை முடிந்தது என்ற எண்ணம். இந்த இரண்டு அவசரங்களுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்வது ஒரு பெண்பிள்ளையின் காது.

கீலாய்டு எல்லோருக்கும் வருவதன்று. எல்லா இடத்திலும் வருவதும் அன்று. கறுத்த, மாநிறத் தோலினருக்கு வெள்ளைத் தோலினரைவிட மிகுதியாக வருகிறது. பெரும்பாலும் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையே தோன்றுகிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. பூப்பெய்தும் பருவத்திலும் கருவுற்ற காலத்திலும் வேகம் பெறுகிறது. நெஞ்சின் நடுப்பகுதி, தோள், முதுகின் மேற்பகுதி, தாடையோரம், காது ஆகியவை இது விரும்பும் இடங்கள். கண்ணிமை, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகிய இடங்களில் காண்பது மிக அரிது.

நெஞ்சும் தோளும் ஏன்? கை அசையும்போதெல்லாம், மூச்சு வாங்கும்போதெல்லாம் அங்கே தோல் இழுபடுகிறது. டோக்கியோவில் உள்ள நிப்பான் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ரெய் ஒகாவா என்ற அறுவை மருத்துவர் இந்த இழுவிசையை நெடுங்காலம் ஆராய்ந்தவர். தோல் எத்திசையில் இழுபடுகிறதோ அத்திசையிலேயே கீலாய்டு நீளுகிறது என்பதை அவருடைய ஆய்வுகள் எடுத்துக்காட்டின. நெஞ்சில் அது நண்டுக் கொடுக்காகவும், தோளில் வண்ணத்துப்பூச்சிச் சிறகாகவும் விரிவதற்குக் காரணம் இதுவே. கண்ணிமை இழுபடுவதில்லை, ஆகவே தப்பிவிடுகிறது.

காதுமடல் அவ்வாறு இழுபடுவதில்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். அங்கே வேறு காரணங்கள் சேருகின்றன: துளை ஆறுமுன் தோடு மாற்றுவது, சீழ் பிடிப்பது, கனத்த ஜிமிக்கி, தலைத்துணி சிக்கி இழுப்பது. காதின் விளிம்பு நெடுகத் துளையிட்டு அலுக்கத்து அணிந்த மூதாட்டிகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கெல்லாம் கீலாய்டு வந்ததா என்றால் இல்லை. அவர்களில் பலருக்குச் சிறு வயதிலேயே காது குத்தப்பட்டது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 11 வயதுக்கு முன் குத்தியவர்களைவிட, அதற்குப் பின் குத்தியவர்களுக்கே கீலாய்டு மிகுதியாக வந்ததாக 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கூறுகிறது. ஆய்வில் இடம்பெற்றவர்கள் சிலரே; எனினும் குடும்பத்தில் தழும்பு தடிக்கும் இயல்பு உடையவர்கள் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி இது. அத்தகைய குடும்பத்துப் பெண்பிள்ளை, பருவமடைந்த பின் அழகுக்காக இரண்டாம் மூன்றாம் துளை இட ஆசைப்பட்டால், பெற்றோர் உறுதியாக மறுத்துவிடுவது நல்லது.

சிகிச்சைகளில் முதலிடம் பெறுவது ஊசி. டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தழும்பின் உடலுக்குள்ளேயே செலுத்துவது இம்முறை. மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை, தழும்பின் தடிப்பையும் இடத்தையும் பொறுத்து மருத்துவர் அளவைத் தீர்மானிப்பார். 3 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை போட வேண்டும். இரண்டு ஊசியில் தழும்பு மறைந்துவிடும் என்று எதிர்பார்த்துச் செல்வோரே ஏமாற்றமடைந்து நடுவில் விட்டுவிடுகின்றனர். முதல் இரண்டு ஊசிகளில் அரிப்பும் வலியும் அடங்கும். தழும்பு சற்றே இளகும். தட்டையாவது அதற்குப் பிறகுதான். பழைய தழும்புக்குப் பல மாதங்கள் ஆகலாம்.

ஊசி வலிக்கும், இதை மறைப்பதில் பயனில்லை. கல் போன்ற தழும்புக்குள் மருந்தை அழுத்திச் செலுத்த வேண்டியிருப்பதால் வலி மிகுதி. மரக்கச் செய்யும் மருந்தைக் கலந்து போடுவதும், ஊசிக்கு முன் அவ்விடத்தைக் குளிர்வித்து இளகச் செய்வதும் உண்டு. அடுத்த முறை வலி குறையுமா என்று கேட்டால், தழும்பு இளக இளக மருந்து எளிதாக இறங்கும் என்பதே விடை.

பக்கவிளைவுகளையும் கூறிவிட வேண்டும். மருந்து தழும்புக்கு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள நல்ல தோல் மெலிந்து குழியாகலாம், நிறம் வெளுக்கலாம், மெல்லிய இரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியலாம். நிறமாற்றம் பெரும்பாலும் நாளடைவில் சரியாகும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறலாம். ஆகவே முன்கூட்டியே கூறிவிட வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு முறை தவறக்கூடும் என்பதைப் பல மருத்துவர்கள் சொல்ல மறந்துவிடுகின்றனர். நாள் கணக்குப் பார்த்துத் தொழுகையையும் நோன்பையும் அமைத்துக்கொள்ளும் நம் பெண்கள் இதை முன்னரே அறிந்திருந்தால் வீண் கலக்கம் நேராது. ரமளான் மாதம் வந்ததும் ஊசியை நிறுத்திவிட்டு, தொடர்ச்சி அறுந்துபோய், மீண்டும் முதலிலிருந்து தொடங்குவோரும் உளர். நோன்பு நேரத்தில் ஊசி போட்டுக்கொள்வது பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். ஐயம் தீராவிடில், நோன்பு திறந்த பின் மாலை நேரத்தில் பார்க்கும் மருத்துவரிடம் சென்றால் ஆயிற்று; மாதம் முழுவதும் விட்டுவிட வேண்டாம்.

ஊசி மட்டும் போதாதபோது, அதனுடன் 5-ஃபுளோரோயூராசில் என்ற மருந்தைச் சேர்த்துப் போடுகின்றனர். இது புற்றுநோய்க்கும் பயன்படும் மருந்து. மருந்துச் சீட்டில் இப்பெயரைக் கண்டு, ‘நமக்குப் புற்றுநோயை மறைக்கிறார்களோ’ என்று கலங்கியவர்கள் உண்டு. பெருகும் அணுக்களின் வேகத்தைத் தடுக்கும் அதன் குணத்துக்காகச் சிறிதளவு பயன்படுத்துகின்றனர், அவ்வளவே. ஆனால் கருவுற்றிருப்பவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதைப் போடலாகாது. கரு தரிக்கும் வாய்ப்புள்ள பெண் மருத்துவர் கேட்காவிட்டாலும் தானே அதைச் சொல்லிவிட வேண்டும்.

உறைய வைக்கும் சிகிச்சை மற்றொன்று. சுழியத்துக்குக் கீழே 196 பாகைக் குளிர்ச்சியுடைய திரவ நைட்ரஜனைத் தழும்பின் மேல் தெளிப்பர். தழும்பின் நடுவே ஊசி செலுத்தி உள்ளிருந்து உறைய வைப்பதும் உண்டு. சிறிய கீலாய்டுகளுக்கு ஏற்றது. நம்மைப் போன்ற நிறத்தினருக்கு அவ்விடம் வெளுத்துப்போகும் வாய்ப்பு இருப்பதால், முகத்திலும் வெளியே தெரியும் இடங்களிலும் தயங்கியே செய்வர்.

வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியது சிலிகோன் பட்டை. ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய இத்தகட்டை நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமேனும் தழும்பின் மேல் ஒட்டி வைத்திருக்க வேண்டும். முற்றிய கீலாய்டை இது கரைப்பதில்லை. புதிதாக ஆறிய அறுவைத் தழும்பு தடிக்காமல் காப்பதும், ஊசிக்குத் துணை நிற்பதுமே இதன் பணி. தண்ணீர் படாமல் தடுக்குமே, உளூவும் குளிப்பும் என்னாவது என்று சிலர் கேட்கிறார்கள். இது கழற்றி மாட்டக்கூடியது. குளிக்கும்போதும், உளூவின் உறுப்பில் ஒட்டியிருந்தால் உளூச் செய்யும்போதும் கழற்றிவிடலாம். நாள்தோறும் கழற்றிப் பட்டையையும் தோலையும் கழுவினால்தான் வேர்க்குருவும் புண்ணும் வராது என்பதால், கழற்றுவது மருத்துவத்துக்கும் உகந்ததே. திறந்த புண்ணின் மேல் மட்டும் ஒட்டக் கூடாது.

காதுக்கென்று அழுத்தக் காதணி உண்டு. பார்வைக்குக் கிளிப் தோடு போலிருக்கும். இரு பக்கமும் அழுத்திப் பிடித்து, தழும்புக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பகலிலும் இரவிலும் பெரும்பகுதி நேரம், ஆறு மாதத்துக்குக் குறையாமல் அணிய வேண்டும். மடலுக்கு இது எளிதாகப் பொருந்தும். மேல் விளிம்புக்கு அளவெடுத்துச் செய்வித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அழுத்தம் மிகுந்து தோல் கறுத்தால் தளர்த்திவிட வேண்டும்.

அப்படியாயின் அறுவைச் சிகிச்சைக்கே இடமில்லையா? உண்டு. ஊசிக்கு இளகாத பெரிய கட்டி, குறுகிய காம்பில் தொங்கும் காதுக் கட்டி, உள்ளே அடிக்கடி சீழ் பிடிக்கும் நெஞ்சுத் தழும்பு ஆகியவற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் வெட்டுவதற்கு முன்பே, வெட்டிய பின் என்ன செய்யப்போகிறோம் என்பது முடிவாகியிருக்க வேண்டும். தையலிட்ட இடத்தில் முதலிலிருந்தே ஊசி மருந்து, காதாயின் அழுத்தக் காதணி, இவை போதாத இடத்தில் கதிர்வீச்சு என்று ஒரு திட்டம் தேவை. “எடுத்த பிறகு எத்தனை மாதம் வரவேண்டும்? என்ன செய்வீர்கள்?” என்று மருத்துவரைக் கேளுங்கள். “ஒன்றும் வேண்டியதில்லை, எடுத்தால் சரியாகிவிடும்” என்று விடை வந்தால், வேறொருவரையும் கலந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

கதிர்வீச்சைப் பற்றி நம்மிடையே உள்ள அச்சம் பெரிது. அறுவை முடிந்த 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கி, சில தவணைகளில் முடித்துவிடும் குறைந்த அளவுக் கதிர்வீச்சு இது. நெய்யும் அணுக்கள் பெருகத் தொடங்குமுன் அவற்றை அடக்கிவிடுவது நோக்கம். இவ்வாறு செய்தால் திரும்பி வருவது ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே என்ற அளவுக்குக் குறைகிறது. பிற்காலத்தில் இதனால் புற்றுநோய் வருமோ என்ற வினா நியாயமானதே; மிக அரிதாகவே அத்தகைய செய்திகள் பதிவாகியுள்ளன. எனினும் குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் இதைத் தவிர்ப்பர். தைராய்டு, மார்பகம் போன்ற உறுப்புகளுக்கு அருகே செய்வதாயின் மறைப்பு வைத்து, நன்மை தீமைகளை நிறுத்துப் பார்த்தே செய்வர்.

இதில் மருத்துவம் சாராத சிக்கல் ஒன்று உண்டு. கதிர்வீச்சுக் கருவி இருப்பது புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவில். “அந்த வீட்டுப் பெண்ணைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பார்த்தேன்” என்ற ஒரு சொல் தெருவில் உலவினால் போதும், வரன் வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று அஞ்சி, தக்க சிகிச்சையை மறுத்துவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கிளப்பிவிடுபவர் யாராயினும், விளைவு ஓர் இளம்பெண்ணின் உடம்பில் விழுகிறது என்பதை ஜமாஅத்தார் சிந்திக்க வேண்டும்.

லேசரைப் பற்றியும் ஒரு சொல். “ஒரே நாளில், வலியின்றி, தழும்பின்றி” என்ற விளம்பரங்களை நம்பிப் பெரும் பணம் செலவழிக்க வேண்டாம். சிவப்பையும் அரிப்பையும் குறைக்கும் லேசர் உண்டு. தழும்பில் நுண்துளையிட்டு மருந்தை உள்ளே இறக்க உதவும் லேசரும் உண்டு. ஆனால் கத்திக்குப் பதிலாக லேசரால் கட்டியை வெட்டி எடுப்பதால் மட்டும் திரும்பி வருவது நிற்பதில்லை. வெட்டு எதனால் ஆனாலும் தோலுக்கு வெட்டுத்தான்.

சுண்ணாம்பு, காரம், கந்தகத் திராவகம் ஆகியவற்றை வைத்துச் சுடுவதும், காதுக் கட்டியைத் தலைமுடியால் இறுகக் கட்டி அறுந்து விழச் செய்வதும் இன்னும் சில ஊர்களில் வழக்கத்தில் உள்ளன. இவை ஒவ்வொன்றும் ஒரு புதுக் காயம். விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தடவினால் தீங்கில்லை. தோல் வறட்சி நீங்கி அரிப்புச் சற்றே தணியலாம். கீலாய்டு அதனால் கரையும் என்று காத்திருப்பதுதான் தீங்கு.

கடிதம் எழுதிய சகோதரிக்குக் கூறுவது: மூன்று மாதத்துக்குள் வெட்ட வேண்டாம். நிக்காஹ் நாளன்று காது அழகாக இருக்கலாம். தலைப் பெருநாள் வருமுன் கட்டி மீண்டும் முளைத்திருக்கும். இப்போதே தோல் நோய் மருத்துவரிடம் சென்று ஊசியைத் தொடங்குங்கள். மூன்று மாதத்தில் மூன்று ஊசியேனும் போட்டுவிடலாம். அரிப்பு நிற்கவும் கட்டி இளகவும் அது போதுமானது. காதின் மேல் விளிம்பு தலைத்துணிக்குள் மறைந்திருக்கும் இடமே. ஆனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்க வேண்டாம். இது தொற்றுவதன்று, புற்றுநோயன்று, பிள்ளைப்பேற்றுக்குத் தடையுமன்று என்பதை மருத்துவர் வாயிலாகவே அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். நிக்காஹுக்குப் பின் மகள் கருவுற்றால் கட்டி வேகமாக வளரக்கூடும் என்பதையும், அக்காலத்தில் சில மருந்துகளைப் பயன்படுத்த இயலாது என்பதையும் மருத்துவரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பின்னும் கட்டி நின்றால், துணைச் சிகிச்சைக்கான திட்டத்தோடு பின்னர் ஆறுதலாக வெட்டிக்கொள்ளலாம்.

செலவைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு: டிரையாம்சினலோன் விலை குறைந்த பழைய மருந்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவுகளை நாடலாம். பணத்தைவிட, மாதம் தவறாமல் சென்று வரிசையில் நிற்கும் பொறுமைக்கே இதில் செலவு அதிகம்.

கீலாய்டு வந்த அனுபவம் உள்ளவர்கள், அல்லது அது குடும்பத்தில் உள்ளவர்கள், வேறு எந்த அறுவைச் சிகிச்சைக்குச் சென்றாலும் முதல் நாளே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மச்சத்தை எடுப்பது, மருவை எடுப்பது, முகப்பருத் தழும்பைச் சுரண்டுவது போன்ற அவசியமற்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஆனால் இதய அறுவையையோ சிசேரியனையோ தழும்புக்கு அஞ்சி மறுப்பது பேதைமை. உயிரைக் காக்கும் கத்திக்கு முன் தழும்பு ஒரு பொருட்டன்று. மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தால், தோல் இழுபடாதவாறு ஆழத்தில் தையலிடுவார். சிசேரியனில் இயன்றவரை குறுக்கு வெட்டையே தேர்வார். காயம் முழுதும் ஆறியவுடன் காகிதப் பிளாஸ்திரியோ சிலிகோன் பட்டையோ ஒட்டச் சொல்வார். அதன் பின்னர் கவனிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அரிப்புத்தான் முதல் எச்சரிக்கை. அரிக்கத் தொடங்கிய தழும்பு, விளிம்பு தாண்டுகிறது என்று படத்தில் தெரிந்தால் அந்த மாதமே ஊசிக்குச் செல்லுங்கள். துவரம்பருப்பு அளவில் உள்ளதை அடக்குவது, நெல்லிக்காயை அடக்குவதைவிடப் பன்மடங்கு எளிது. ஊசியால் தட்டையான பின்னும் திரும்பி வருவது உண்டு. 100 பேரில் 9 முதல் 50 பேர் வரை என்று ஆய்வுகள் வெவ்வேறாகக் கூறுகின்றன. ஆகவே இரண்டு ஆண்டுகளேனும் கண்காணிப்பு வேண்டும்.

காயமே இல்லாத இடத்தில் தோன்றி வளர்வதும், இரத்தம் கசிவதும், அடியில் ஆழமாக ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பதுமான கட்டியைக் கீலாய்டு என்று நாமே முடிவு செய்துகொள்ளலாகாது. அரிதாக வேறு வகைத் தோல் கட்டிகள் இவ்வுருவில் வருவதுண்டு. ஐயமிருந்தால் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க மருத்துவர் கூறுவார்; மறுக்க வேண்டாம்.

தழும்பு தடிக்கும் இயல்புள்ள தகப்பனார்கள் கேட்கும் வினா ஒன்று உண்டு: “என் மகனுக்குக் கத்னா செய்யலாமா?” ஆணுறுப்பின் தோலில் கீலாய்டு வருவது மிக மிக அரிது. தயங்காமல் செய்யலாம். தூய்மையான முறையில், தேர்ந்த கையால், புண் சீழ் பிடிக்காமல் ஆறுமாறு செய்தால் போதும். மருத்துவரிடம் குடும்ப இயல்பைக் கூறிவிடுங்கள்.

இது தொடர்பாக நமக்கு எழுத விரும்புவோர், தழும்பு வந்த இடம், எதனால் ஏற்பட்ட காயம், எத்தனை மாதமாயிற்று, இதுவரை என்னென்ன சிகிச்சை பெற்றீர்கள், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உண்டா என்பவற்றைக் குறிப்பிட்டு எழுதுக. பெண்களாயின் கருவுற்றிருப்பதையும் பாலூட்டுவதையும் தவறாமல் எழுதுக. பெயர் வெளியிடப்பட மாட்டாது.